வலை நிரலிலிருந்து வேர்டு கோப்பு: தமிழ் எழுத்துரு ஏன் சொல் பேச்சு கேட்பதில்லை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையதளத்தில் பொத்தானை அழுத்தினால் சான்றிதழோ ரசீதோ வேர்டு கோப்பாக இறங்க வேண்டும். ஆங்கிலப் பெயரைக் கொடுத்துச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக வருகிறது. அதே நிரலுக்குத் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் எழுத்துரு வேறு, அளவு வேறு, போல்டு காணோம். அந்த இடத்தில் சிக்கியிருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். நிரலிலிருந்து வேர்டு கோப்பை உருவாக்கித் தரும் நூலகங்களான பிஎச்பிவேர்டு, ஜாவாஸ்கிரிப்டின் டாக்எக்ஸ் நூலகம், பைத்தான்-டாக்எக்ஸ் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். டேக்குகளின், அதாவது கோப்புக்குள் ஒவ்வொரு பகுதியையும் அடையாளப்படுத்தும் குறிகளின், பெயர்களை வாசிக்கும் ஒலியிலேயே தந்திருக்கிறேன். கோப்பைத் திறந்து பார்த்தால் எது எது என்று உடனே புரியும்.

டாக்எக்ஸ் கோப்புக்குள் என்னதான் இருக்கிறது?

அது ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியில் டாக்எக்ஸ் என்பதை எடுத்துவிட்டு ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே 'வேர்டு' என்ற அடைவு இருக்கும். அதில் உரை முழுவதும் 'டாக்குமென்ட்' எக்ஸ்எம்எல்லில், ஸ்டைல்கள் 'ஸ்டைல்ஸ்' எக்ஸ்எம்எல்லில், எழுத்துருப் பட்டியல் 'ஃபான்ட்டேபிள்' எக்ஸ்எம்எல்லில் இருக்கும். தீம், செட்டிங்ஸ் இரண்டும் தனித்தனி. 2006 டிசம்பரில் எக்மா 376 என்ற தரமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 29500 ஆகவும் வெளியான வடிவம் இது.

பத்தி என்பது 'பி' டேக் (பாரகிராஃப் என்பதன் முதலெழுத்து). பத்திக்குள் ஒரே தோற்றம் உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு 'ரன்'. அதன் டேக் 'ஆர்'. ரன்னின் தோற்றத்தைச் சொல்வது 'ஆர்பிஆர்'. எழுத்துரு, அளவு, நிறம், தடிப்பு எல்லாம் இந்த ஆர்பிஆருக்குள்தான் உட்காரும். நூலகம் எதுவானாலும் கடைசியில் எழுதுவது இதைத்தான். ஆகவே நூலகத்தின் கையேட்டை விட, அது எழுதிய ஆர்பிஆரைத் திறந்து பார்ப்பது வேகமான வழி.

எழுத்துருவின் பெயரைக் கொடுத்த பிறகும் தமிழ் மட்டும் ஏன் மாறவில்லை?

வேர்டில் ஒரு ரன்னுக்கு எழுத்துரு ஒன்று அல்ல, நான்கு. 'ஆர்ஃபான்ட்ஸ்' டேக்கில் நான்கு இடங்கள் உண்டு. 'ஆஸ்கி' அடிப்படை லத்தீன் எழுத்துகளுக்கு. 'எச்ஆன்சி' அதற்கு மேற்பட்ட லத்தீன் முதலியவற்றுக்கு. 'ஈஸ்ட்ஆசியா' சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு. நான்காவது 'சிஎஸ்'; கூட்டெழுத்தும் குறி மாற்றமும் உள்ள வரிவடிவங்களுக்கான இடம் அது. அரபு, தேவநாகரி, தமிழ் எல்லாம் இந்த வகையில் சேரும்.

ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய நிரல் முதல் இரண்டை நிரப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளும். தமிழுக்கு உரிய நான்காவது இடம் காலியாகவே கிடக்கும். காலி இடத்துக்கு வேர்டு ஸ்டைலில் போய்த் தேடும். அங்கேயும் இல்லையென்றால் தீமில், அதாவது ஆவணம் முழுவதற்குமான எழுத்துரு, நிறத் தொகுப்பில் தேடும். நீங்கள் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று எழுதியிருக்க, திரையில் விண்டோஸின் பழைய தமிழ் எழுத்துருவான லதா வந்து நிற்பது இப்படித்தான்.

வேர்டுக்கு மாற்றாகப் பயன்படும் இலவச மென்பொருளான லிப்ரேஆபிஸில் இது இன்னும் கறார். அங்கே தமிழ் எப்போதும் 'சிக்கலான உரை அமைப்பு' வகையில்தான் சேரும். நான்காவது இடத்தில் இல்லாத எதுவும் தமிழுக்குப் பொருந்தாது. வேர்டில் சரியாகத் தெரிந்த கோப்பு லிப்ரேஆபிஸில் குலைந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

என் பரிந்துரை எளிது. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். தமிழ் வரக்கூடிய எல்லா ஸ்டைலிலும் ஆஸ்கி, எச்ஆன்சி, சிஎஸ் மூன்றையும் நிரப்பிவிடுங்கள்.

எழுத்துரு சரியாகிவிட்டது. ஆனால் அளவும் போல்டும் ஒட்டவில்லையே?

அவற்றுக்கும் இரட்டைப் பிறவி உண்டு. அளவுக்கு 'எஸ்இசட்', அதன் ஜோடி 'எஸ்இசட்சிஎஸ்'. போல்டுக்கு 'பி' (பத்தியின் பி அல்ல, போல்டு என்பதன் முதலெழுத்து), ஜோடி 'பிசிஎஸ்'. சாய்வுக்கு 'ஐ', ஜோடி 'ஐசிஎஸ்'. தமிழுக்கு நடப்பது ஜோடியின் ஆட்சி. எஸ்இசட் மட்டும் எழுதியிருந்தால் தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல் 18 புள்ளியிலும், பக்கத்திலேயே தமிழ்ச் சொல் 11 புள்ளியிலும் வரும். பார்ப்பவர்கள் எழுத்துருவைக் குறை சொல்வார்கள்; எழுத்துரு ஒரு பாவமும் அறியாது.

நிறம், அடிக்கோடு, பின்னணி இவற்றுக்கு ஜோடி கிடையாது. ஒரு தடவை எழுதினால் எல்லா மொழிக்கும் பொருந்தும். "நிறம் மாறுகிறது, போல்டு மட்டும் மாறவில்லை" என்று யாராவது சொன்னால் காரணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

அளவு எப்போதும் அரைப்புள்ளிக் கணக்கில். 12 புள்ளி வேண்டுமென்றால் 24 என்று எழுத வேண்டும். பத்தரை புள்ளி வேண்டுமா, 21. எண் முழு எண்ணாக இருக்க வேண்டும்.

எந்த நூலகம் எதைச் செய்கிறது?

பைத்தான்-டாக்எக்ஸில்தான் இந்தத் தொல்லை அதிகம். 'ரன்.ஃபான்ட்.நேம்' என்று கொடுத்தால் அது ஆஸ்கி, எச்ஆன்சி இரண்டை மட்டுமே நிரப்பும். 'ஃபான்ட்.சைஸ்' எஸ்இசட்டை மட்டும் எழுதும். 'ஃபான்ட்.போல்டு' பி டேக்கை மட்டும். போல்டுக்கும் சாய்வுக்கும் 'சிஎஸ்_போல்டு', 'சிஎஸ்_இட்டாலிக்' என்று தனிப் பண்புகள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். எழுத்துருவின் நான்காவது இடத்துக்கும் எஸ்இசட்சிஎஸ்ஸுக்கும் அப்படி நேர்வழி இல்லை. ஆர்பிஆரை எடுத்து எக்ஸ்எம்எல் பண்பாகவே சேர்க்க வேண்டும். பத்து வரியில் ஒரு உதவிச் செயற்கூறு எழுதி, ஸ்டைல் பொருளையும் எழுத்துருப் பெயரையும் அளவையும் வாங்கிக்கொண்டு எல்லா ஜோடியையும் நிரப்பும்படி வைத்துக்கொண்டால் அதன் பிறகு கவலை இல்லை.

பிஎச்பிவேர்டில் நிலைமை பரவாயில்லை. எழுத்துருப் பெயரைக் கொடுத்தால் நான்கு இடத்திலும் அதையே எழுதிவிடும். அளவையும் இரண்டாக எழுதும். எதுவும் சொல்லாவிட்டால் ஏரியல், 10 புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். ஏரியலில் தமிழ் எழுத்துகளே கிடையாது. பிறகு வேர்டு தனக்குத் தெரிந்த மாற்று எழுத்துருவைத் தேடிப் போகும். ஆகவே முதல் வேலையாக 'செட்டிஃபால்ட்ஃபான்ட்நேம்', 'செட்டிஃபால்ட்ஃபான்ட்சைஸ்' இரண்டையும் அழைத்துவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்டின் டாக்எக்ஸ் நூலகத்தில் 'டெக்ஸ்ட்ரன்' உருவாக்கும்போது 'ஃபான்ட்' என்று ஒரே பெயர் கொடுத்தால் எல்லா இடத்துக்கும் போகும். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று வேண்டுமென்றால் ஒற்றைப் பெயருக்குப் பதிலாக நான்கு இடங்களையும் தனித்தனியாகச் சொல்லும் ஆப்ஜெக்டைக் கொடுக்கலாம். இங்கே அளவை அரைப்புள்ளியிலேயே கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிஎச்பிவேர்டில் 12 என்றால் 12 புள்ளி; இங்கே 12 என்றால் 6 புள்ளி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் முதலில் பார்ப்பது எறும்பு எழுத்து.

'சிஎஸ்' என்று தனி டேக்கும் இருக்கிறதே, அது எதற்கு?

ஆர்ஃபான்ட்ஸுக்குள் உள்ள சிஎஸ் ஒரு பண்பு. ஆர்பிஆருக்குள் தனியாக வரும் சிஎஸ் வேறு. "இந்த ரன்னில் என்ன எழுத்து இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் நான்காவது வகையாகவே நடத்து" என்பது அதன் பொருள். வேர்டிலேயே நேரடியாகத் தமிழ் தட்டச்சு செய்து சேமித்த கோப்பைப் பிரித்துப் பார்த்தால் தமிழ் ரன்களில் இந்த டேக்கும், 'லாங்' டேக்கில் 'பிடி' பண்பாகத் தமிழ்-இந்தியாவின் மொழிக் குறியும் இருப்பதைக் காணலாம். மொழிக் குறி எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு. அது இல்லாவிட்டால் தமிழ்ச் சொற்கள் அனைத்துக்கும் சிவப்பு நெளிகோடு விழ வாய்ப்பு உண்டு. வாடிக்கையாளர் முதலில் கண்டு பயப்படுவது அதைத்தான்.

நிரலில் இந்த டேக்கைச் சேர்ப்பதென்றால் தமிழ் மட்டும் உள்ள ரன்னில் சேருங்கள். ஒரே ரன்னில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்க, இதைப் போட்டால் ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்துருவிலேயே வரும். லதா, நிர்மலா யூஐ போன்றவற்றில் லத்தீன் எழுத்துகள் இருப்பதால் படிக்க முடியும். ஆனால் நீங்கள் ஆங்கிலத்துக்கென்று தேர்ந்தெடுத்த எழுத்துரு காணாமல் போயிருக்கும். பைத்தான்-டாக்எக்ஸில் இதற்கு 'ஃபான்ட்.காம்ப்ளெக்ஸ்_ஸ்கிரிப்ட்' என்ற பண்பு.

தலைப்புகள் மட்டும் நான் சொன்ன எழுத்துருவுக்கு வர மறுக்கின்றன. ஏன்?

தீம். ஆர்ஃபான்ட்ஸில் நான்கு இடங்களுக்கும் 'ஆஸ்கிதீம்', 'சிஎஸ்தீம்' என்பது போன்ற தீம் பண்புகள் தனியே உண்டு. இரண்டும் ஒரே டேக்கில் இருந்தால் தீம்தான் வெல்லும். நீங்கள் எழுதிய பெயரை வேர்டு திரும்பியும் பார்க்காது. பைத்தான்-டாக்எக்ஸோடு வரும் டெம்ப்ளேட்டில் ஹெடிங் ஸ்டைல்களுக்குத் தீம் பண்புகள் போட்டே வைத்திருக்கிறார்கள். அதன்மேல் பெயரைச் சேர்த்தால் போதாது; தீம் பண்புகளை நீக்கவும் வேண்டும்.

தீமில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தால் லதா எங்கிருந்து வருகிறது என்ற மர்மமும் தீரும். ஆபிஸ் தீம் கோப்பில் ஒவ்வொரு வரிவடிவத்துக்கும் ஒரு எழுத்துரு எழுதப்பட்டிருக்கும்; தமிழின் நேரே லதா. செட்டிங்ஸ் கோப்பில் தீம் மொழி தமிழ் என்றிருந்தால், நான்காவது இடத்துக்குத் தீம் இந்தப் பெயரை எடுத்துத் தரும். லதாவே வேண்டாம் என்றால் தீமையே மாற்றலாம். ஸ்டைலில் நேரடியாகப் பெயர் எழுதி, தீம் பண்பை நீக்குவது அதைவிடச் சுலபம்.

தலைப்புக்கு வேர்டின் ஹெடிங் ஸ்டைலைப் பயன்படுத்தாமல், சாதாரணப் பத்தியைப் பெரிதாக்கி போல்டு போட்டு ஒப்பேற்றுவதையும் பார்க்கிறேன். தாளில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பொருளடக்கம் தானாக உருவாகாது, பக்கப் பலகத்தில் தலைப்புகள் வராது, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பானுக்கும் அது வெறும் பத்திதான். பிஎச்பிவேர்டில் 'ஆட்டைட்டில்ஸ்டைல்' இருக்க இந்தக் குறுக்குவழி எதற்கு?

ஒவ்வொரு ரன்னிலும் எழுத வேண்டுமா, ஸ்டைலில் எழுதினால் போதுமா?

ஸ்டைலில் எழுதுங்கள். ஒரு முறை, எல்லா ஜோடியோடும். ரன்னில் ஸ்டைலின் பெயரை மட்டும் சுட்டுங்கள். கோப்பும் சிறிதாகும், நாளை அலுவலகத்தில் யாராவது "எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்றால் வேர்டிலேயே ஸ்டைலை மாற்றி ஒரே சொடுக்கில் முடித்துக்கொள்வார்கள், உங்களைத் தேடி வர மாட்டார்கள்.

எது எதன் மேல் ஏறும் என்ற வரிசை இது: முதலில் ஆவணத்தின் பொது அமைப்பு, அதன்மேல் அட்டவணை ஸ்டைல், அதன்மேல் பத்தி ஸ்டைல், அதன்மேல் எழுத்து ஸ்டைல், கடைசியாக ரன்னில் நேரடியாக எழுதியது. பின்னால் வருவது முன்னதை மாற்றும்.

போல்டும் சாய்வும் இதற்கு விதிவிலக்கு. அவை 'மாற்றி' வகைப் பண்புகள். பத்தி ஸ்டைலிலும் போல்டு, அதற்குள் பயன்படுத்திய எழுத்து ஸ்டைலிலும் போல்டு என்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துச் சாதாரண எழுத்தாகிவிடும். தலைப்புக்குள் ஒரு சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கப்போய் அந்தச் சொல் மட்டும் மெலிந்து நிற்பதன் காரணம் இதுதான். வேர்டு தவறு செய்யவில்லை. தடித்த வரிக்குள் ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் அதை மெலிதாக்க வேண்டும் என்று அது நினைக்கிறது. உங்களுக்குத் தடிப்பு கட்டாயம் வேண்டுமென்றால் ரன்னில் நேரடியாக எழுதுங்கள். அங்கே இந்த விளையாட்டு கிடையாது. போல்டை வலுவில் அணைக்க, பி டேக்குக்கு மதிப்பு 0. பிசிஎஸ்ஸுக்கும் அதே 0.

எச்டிஎம்எல் பக்கத்தையே டாக் என்று பெயரிட்டு அனுப்பினால் வேர்டு திறக்கிறதே. அது போதாதா?

சின்ன வேலைக்குப் போதும். வேர்டு 2000 காலத்திலிருந்தே எச்டிஎம்எல்லைத் தன் சொந்த வடிவம்போலத் திறந்து மூடும் திறன் அதற்கு உண்டு. சேவையகம் அனுப்பும் ஹெடரில் 'அப்ளிகேஷன்/எம்எஸ்வேர்டு' என்று சொல்லி, டாக் என்ற பின்னொட்டோடு அனுப்பினால் திறந்துவிடும். பின்னொட்டை டாக்எக்ஸ் என்று வைத்தால் திறக்காது. அங்கே வேர்டு ஜிப்பை எதிர்பார்க்கிறது.

இந்த வழியில் எழுத்துருவைக் கட்டுப்படுத்த 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும் சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) பண்புகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான 'ஃபான்ட்-ஃபேமிலி'யோடு 'எம்எஸ்ஓ-ஆஸ்கி-ஃபான்ட்-ஃபேமிலி', 'எம்எஸ்ஓ-ஹான்சி-ஃபான்ட்-ஃபேமிலி', 'எம்எஸ்ஓ-பிடி-ஃபான்ட்-ஃபேமிலி' என்று தனித்தனியாகச் சொல்லலாம். தமிழுக்கு உரியது கடைசியில் உள்ள பிடி. 'எம்எஸ்ஓ-பிடி-ஃபான்ட்-சைஸ்', 'எம்எஸ்ஓ-பிடி-ஃபான்ட்-வெயிட்' இரண்டும் உண்டு. மேலே சொன்ன ஜோடிக் கதைதான், வேறு உடையில்.

சிஎஸ்எஸ்ஸைப் பக்கத்துக்குள்ளேயே எழுதுங்கள். உங்கள் சேவையகத்தில் உள்ள ஸ்டைல் கோப்பை இணைப்பாகக் கொடுத்தால், பெறுபவர் இணையம் இல்லாமல் திறக்கும்போது எல்லாம் போய்விடும். மெட்டா டேக்கில் யூடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். ஃப்ளெக்ஸ், கிரிட் போன்ற சிஎஸ்எஸ் பக்க அமைப்பு முறைகள் எதையும் வேர்டு அறியாது. பக்க எண், தலைப்புப் பட்டை, பொருளடக்கம் வேண்டியிருக்கும் நாளில் இந்த வழியை விட்டு உண்மையான டாக்எக்ஸுக்கு வந்தே ஆக வேண்டும். அந்த நாள் சீக்கிரமே வரும்.

சிஎஸ்எஸ்ஸில் உள்ளதை வேர்டுக்கு மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

பிக்சலில். 16 பிக்சல் என்பது 12 புள்ளி. அதாவது எஸ்இசட்டில் 24. பிக்சலை ஒன்றரையால் பெருக்கினால் அரைப்புள்ளி கிடைத்துவிடும்.

நிறத்துக்கு முன்னால் ஹேஷ் குறி கூடாது. ஆறு இலக்கப் பதினறும எண் மட்டும். மூன்று இலக்கச் சுருக்கத்தை விரித்து எழுதுங்கள். பின்னணி நிறத்துக்கு 'ஹைலைட்' டேக்கைத் தேடிப் போகாதீர்கள்; அது மஞ்சள், பச்சை என்று பெயர் சொல்லி அழைக்கும் சில நிறங்களை மட்டுமே ஏற்கும். விரும்பிய நிறத்துக்கு 'எஸ்எச்டி'.

தடிப்பு 500, 600 என்று சிஎஸ்எஸ்ஸில் இருப்பதற்கு இங்கே இணை இல்லை. போல்டு உண்டு அல்லது இல்லை, அவ்வளவே. செமிபோல்டு வேண்டுமென்றால் 'நோட்டோ சான்ஸ் தமிழ் செமிபோல்டு' என்று தனிக் குடும்பப் பெயராகவே எழுதி, அந்தக் கோப்பு பெறுபவர் கணினியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே கோப்பில் எல்லாத் தடிப்பையும் அடக்கிய வேரியபிள் எழுத்துருக்களை வேர்டுக்குக் கொடுக்காதீர்கள். தனித்தனிக் கோப்புகளே பாதுகாப்பு.

சாய்வைப் பற்றியும் ஒரு சொல். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வுக்கென்று வரைந்த வடிவம் கிடையாது. நீங்கள் கேட்டால் வேர்டு நேர் எழுத்தையே பிடித்துச் சரித்துக் காட்டும். கண்ணுக்கு நன்றாக இராது. தமிழில் அழுத்தம் வேண்டிய இடத்தில் போல்டோ மேற்கோள் குறியோ போதும் என்பது என் கருத்து.

எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பது?

எழுத்துரு கோப்போடு பயணம் செய்வதில்லை. பெயர் மட்டுமே போகிறது. ஆகவே எது அழகு என்பதை விட, பெறுபவரிடம் எது இருக்கிறது என்பதே முதல் கேள்வி. விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யூஐ எல்லாக் கணினியிலும் தமிழோடு வருகிறது. லதா பழைய துணைதான். ஆனால் விண்டோஸ் 10இலிருந்து லதாவும் விஜயாவும் தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புக்குப் போய்விட்டன. மேக்கில் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி, தமிழ் எம்என் போன்றவை உண்டு, நிர்மலா இல்லை. கூகுள் டாக்ஸ் தன் பட்டியலில் இல்லாததை வேறொன்றாக மாற்றிக் காட்டும்.

விண்டோஸ் அலுவலகங்களுக்கு மட்டும் போகும் கோப்பா, நிர்மலா யூஐ போதும், தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எங்கே போகும் என்று தெரியாத கோப்புக்கு நோட்டோ வரிசையில் ஒன்றை எடுத்துக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்புங்கள். பதிக்கும்போது எழுத்துருக் கோப்பின் முதல் 32 பைட்டுகள் ஒரு அடையாள எண்ணோடு கலந்து மறைக்கப்பட்டு, 'ஓடிடிடிஎஃப்' என்ற பின்னொட்டோடு 'ஃபான்ட்ஸ்' அடைவில் போகும். ஃபான்ட்டேபிள் கோப்பு அதைச் சுட்டும். ஜாவாஸ்கிரிப்ட் டாக்எக்ஸ் நூலகத்தின் புதிய பதிப்புகள் இதைத் தாமே செய்கின்றன. உரிமத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நோட்டோ திறந்த உரிமத்தில் வருகிறது, காசு கொடுத்து வாங்கும் எழுத்துருக்களில் பல பதிப்பதை அனுமதிப்பதில்லை.

பதிக்க முடியாவிட்டால் ஃபான்ட்டேபிளில் 'ஆல்ட்நேம்' என்று மாற்றுப் பெயர் ஒன்றைச் சொல்லி வைக்கலாம். முதலாவது இல்லாதபோது வேர்டு அதைப் பார்க்கும்.

எங்கள் தரவுத்தளம் பாமினியில் இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் பொருந்துமா?

தலைகீழாகப் பொருந்தும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் குறிகளில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த, யூனிகோடு அல்லாத எழுத்துரு. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சின்ன ஆங்கில எழுத்துகளும் ஒரு செமிகோலன் குறியும்தான். வேர்டின் கண்ணுக்கு அது ஆங்கிலம். ஆகவே எழுத்துருப் பெயர் ஆஸ்கி, எச்ஆன்சி இடங்களில் இருக்க வேண்டும். எஸ்இசட், பி போதும். எச்ஆன்சியை விட்டுவிட்டால் 128க்கு மேற்பட்ட குறிகளில் உட்கார்ந்திருக்கும் எழுத்துகள் மட்டும் விசித்திரமாக மாறி நிற்கும். ஒரு சொல்லில் ஓரெழுத்து மட்டும் கெட்டுப்போயிருந்தால் அங்கே பாருங்கள்.

இருந்தாலும், புதிதாக எழுதும் நிரலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டே வேர்டுக்கு அனுப்புங்கள். பாமினி கோப்பில் தேட முடியாது, வெட்டி மின்னஞ்சலில் ஒட்ட முடியாது, எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. தமிழ்நாட்டு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அச்சகங்கள் பாமினியில் பழகியிருப்பது தெரியும். அச்சகத்துக்கு வேறு பிரதி கொடுத்துக்கொள்ளலாம்.

தேடிய சொல்லுக்கு நிறம் கொடுத்தால் புள்ளி வட்டம் வருகிறதே?

சொல்லைத் தவறான இடத்தில் வெட்டி இரண்டு ரன்னாக்கியிருக்கிறீர்கள். 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் க என்ற எழுத்தும் ஒகரக் குறியும் என இரண்டு. ககரத்தை ஒரு ரன்னிலும் குறியை அடுத்த ரன்னிலும் விட்டால், ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாத குறி புள்ளி வட்டத்தின் மேல் ஏறி நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டில்.செக்மென்டர்', பிஎச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்கும் செயற்கூறுகள் இதற்காகவே உள்ளன. பிஎச்பியின் சாதாரண 'சப்ஸ்டிஆர்' இன்னும் மோசம். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு என்பதால் அது குறியையே நடுவில் பிளந்துவிடும். கோப்பே திறக்காமல் போகலாம்.

டெம்ப்ளேட்டில் பெயரை நிரப்புகிறோம். அங்கேயும் இதே சிக்கலா?

அங்கே இரண்டு சிக்கல். நிரப்ப வேண்டிய இடத்தின் குறிச்சொல்லை வேர்டில் தட்டச்சு செய்யும்போது, இடையில் நிறுத்தித் திருத்தினால் வேர்டு அதை இரண்டு மூன்று ரன்களாகப் பிரித்துச் சேமிக்கும். நிரலுக்கு அது கண்ணில் படாது. குறிச்சொல்லை வேறு எங்காவது எழுதி, ஒரே மூச்சில், வடிவமில்லாத உரையாக ஒட்டுங்கள்.

இரண்டாவது நம் பழைய கதை. குறிச்சொல் ஆங்கிலத்தில் இருப்பதால் வடிவமைப்பவர் அதைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றும்போது, தமிழுக்கான இடம் அவர் கண்ணில் படுவதே இல்லை. நிரல் அதில் தமிழை நிரப்பியதும் தோற்றம் மாறிவிடும். டெம்ப்ளேட்டில் அந்தப் பத்திக்கென்று ஒரு ஸ்டைல் உருவாக்கி, எழுத்துரு உரையாடல் பெட்டியில் சிக்கலான வரிவடிவங்களுக்கான பகுதியையும் நிரப்பச் சொல்லுங்கள். கணினியில் தமிழ் தட்டச்சு மொழியாகச் சேர்க்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பகுதி தென்படும்.

சேவையகத்தில் பிடிஎஃப் ஆக மாற்றினால் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது.

சேவையகத்தில் தமிழ் எழுத்துரு இல்லை. டாக்கர் படிமங்களில் (சேவையகத்தில் மென்பொருளை இயக்கப் பயன்படும் பொதிகளில்) பொதுவாக ஒன்றுமே இருக்காது. டெபியன் வழி வந்த அமைப்பென்றால் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' அல்லது 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்' வகைத் தொகுப்பை நிறுவி, 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையில் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கே வரும் பெயரும் ஸ்டைலில் எழுதிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நிர்மலா யூஐ மைக்ரோசாஃப்டின் உரிமம். லினக்ஸ் சேவையகத்தில் நகலெடுத்துப் போடுவது சரியல்ல.

இகர ஈகாரக் குறிகளின் தலை வெட்டுப்படுகிறது.

வரி உயரத்தைத் 'துல்லியமாக' என்று பூட்டியிருப்பீர்கள். தமிழ் எழுத்துருக்களுக்கு மேலும் கீழும் இடம் அதிகம் வேண்டும். விதியை 'ஆட்டோ' என்று வைத்து 240 கொடுங்கள். அது ஒற்றை இடைவெளி. 276 கொடுத்தால் கொஞ்சம் மூச்சு விடும். உயரத்தைக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் 'குறைந்தபட்சம்' என்ற விதி உண்டு.

"கோப்பில் படிக்க முடியாத உள்ளடக்கம்" என்று வேர்டு சொல்கிறது.

முதலில் ஆம்பர்சண்ட் குறியைத் தேடுங்கள். "கந்தசாமி & சன்ஸ்" என்று கடைப் பெயர் வந்த அன்றுதான் இது வெடிக்கும். பிஎச்பிவேர்டில் இதை மாற்றி எழுதும் வசதி இயல்பாக அணைந்திருக்கும். 'செட்அவுட்புட்எஸ்கேப்பிங்எனேபிள்டு' என்பதை இயக்கிவிடுங்கள். அடுத்து, ஆர்பிஆருக்குள் நீங்களே கைப்படச் சேர்த்த டேக்குகளின் வரிசை. தரம் ஒரு வரிசையைச் சொல்கிறது: ஆர்ஃபான்ட்ஸ், பி, பிசிஎஸ், ஐ, ஐசிஎஸ், கலர், எஸ்இசட், எஸ்இசட்சிஎஸ், ஹைலைட், யூ, சிஎஸ், லாங். லிப்ரேஆபிஸ் கண்டுகொள்ளாமல் திறந்துவிடும் என்பதால் அதில் மட்டும் சோதித்து நம்பிவிடாதீர்கள்.

எல்லாம் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே வரியில் தமிழ், ஆங்கிலம், எண், 'கௌ', 'ஸ்ரீ', 'க்ஷ' எல்லாம் கலந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சாதாரணமாக, போல்டில், தலைப்பில், அட்டவணைக்குள் என நான்கு இடத்தில் அச்சிடும் ஒரு சோதனைக் கோப்பை நிரல் உருவாக்கட்டும். வேர்டில் திறந்து, சந்தேகம் உள்ள சொல்லில் கர்சரை வைத்து ஷிஃப்ட்டும் எஃப்1உம் அழுத்தினால் பக்கவாட்டில் அந்தச் சொல்லின் அமைப்பு முழுவதும் விரியும்; அங்கே 'டிஸ்டிங்விஷ் ஸ்டைல் சோர்ஸ்' என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் எது ஸ்டைலிலிருந்து வந்தது, எது நேரடியாக எழுதியது என்பதும் தெரியும். அதே கோப்பை லிப்ரேஆபிஸிலும் திறந்து, தமிழின் அளவும் ஆங்கிலத்தின் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் ஜிப்பைப் பிரித்து, ஸ்டைல்ஸ் கோப்பில் எஸ்இசட்சிஎஸ் என்று தேடுங்கள்.